அரை அங்குலம்

“சுவத்தை நல்லா நனைச்சு வை லோசனி, காஞ்ச கல்லுல பூச்சு நிக்காது” என்று சொல்லிவிட்டுக் கதிரேசன் சிமென்ட் மூட்டை எடுத்துவரப் போயிருந்தான். மீனலோசனி ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பிடித்தபடி நின்றாள். அப்படி அடைத்தால்தான் தண்ணீர் விசிறியாக விரிந்து மேல்வரிசைவரை எட்டும். விரலை எடுத்தால் காலடியிலேயே கொட்டிவிடும். தண்ணீர் பட்டதும் செங்கல் மெல்லச் சீறியது. பிறகு சத்தம் அடங்கி நிறம் மாறியது. வெளிறிக் கிடந்த சிவப்பு ஒவ்வொரு கல்லாகக் கறுத்து, கொஞ்ச நேரம் பளபளத்து, அப்புறம் அந்தப் பளபளப்பும் கல்லுக்குள்ளே போய்விட்டது. இன்னும் குடிக்கும். எத்தனை குடம் ஊற்றினாலும் குடிக்கும். நனைப்பது என்றால் சம்மதிப்பது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் கை நனைத்துக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு ஒரு வேலையைச் செய்கிறது, அதை வேறு யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆறு மாதமாக எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. இந்த வீட்டில் பூசாமல் விட வேண்டும் என்று அவள் கேட்டது இந்த ஒரு சுவரைத்தான். கல் தெரியட்டும், கல்லின் நிறமே போதும் என்று சொல்லியிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் கதிரேசன் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, அந்தச் சுவரைப் பூசிவிடலாமா என்று கேட்டான். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை, பழத்தைப் பார்த்துக் கேட்டான். அவள் “ம்” என்றாள். அந்த “ம்” எங்கிருந்து வந்தது என்று இப்போது தேடினால் கிடைக்கவில்லை. பூசினால் என்ன? ஒன்றுமில்லை. அரை அங்குலக் கனத்துக்கு மணலும் சிமென்ட்டும், அதன்மேல் வெள்ளை. ஆனால் பூசினால், குழந்தை போனதற்குக் காரணம் இந்தச் சுவர் என்று ஆகிவிடும். சுவரை வரைந்தவள் அவள்.

மேல்வரிசை நனைந்துவிட்டது. குழாயைச் சற்று இறக்கினாள். மனை பன்னிரண்டரை அடிக்கு ஓர் அங்குலம் கூட, நீளம் மட்டும் எழுபது. விளாங்குடியில் மாமனார் வாங்கிப் போட்டிருந்த இடத்தை மூன்று பிள்ளைகள் நெடுக்காகப் பங்கு போட்டபோது கதிரேசனுக்கு நடுத் துண்டு வந்தது. இரண்டு பக்கமும் அண்ணன்மார் ஏற்கெனவே சுவர் எழுப்பிவிட்டார்கள், எனவே பக்கவாட்டில் ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளிச்சம் வர வேண்டுமென்றால் முன்னால் வரணும், பின்னால் வரணும், இல்லையென்றால் வானத்திலிருந்து வரணும். கடைக்கால் தோண்டிய அன்று கதிரேசனின் அக்கா செண்பகம் மதினியின் வீட்டுக்காரர் வந்து குழியின் இரண்டு கரையிலும் காலை அகட்டி வைத்து நின்று பார்த்தார். “மாப்ள, வீடு கட்டுறியா, ரயில் பொட்டி கட்டுறியா? டிக்கெட் எடுத்துட்டுத்தான் உள்ள வரணுமோ?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், லோசனியும் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வரும். பதினான்கு வருடமாக இன்ஜினியர் ஆபீஸில் அவள் பிளான் வரைகிறாள். நாற்பதடி, அறுபதடி அகலத்தில் அடுத்தவர்களுக்கு எத்தனையோ வரைந்திருக்கிறாள். அகலம் இருக்கிற இடத்தில் வரைய ஒன்றுமே இல்லை, கோடு தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். குறுகலான இடத்தில்தான் யோசிக்க வேண்டியிருக்கும். அகலத்தைக் கூட்ட முடியாது, கண் போகிற தூரத்தைக் கூட்டலாம். அதனால் அறைக்கு அறை போக நடை என்று ஒன்று வைக்கவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவர் இல்லை, இடுப்பளவு மேடைதான். படிக்கட்டுக்குக் கீழே அடைப்பு இல்லை, படிகளுக்கு நடுவில் காற்றும் பார்வையும் புகுந்து போகும். வாசலில் நின்றால் கடைசியில் கொல்லை முருங்கை தெரியும். கூடத்தின் இந்த நெடுஞ்சுவரை ஒட்டி மேலே கூரையில் ஒரு முழ அகலத்துக்கு நீளமாகக் கண்ணாடி. அதன் வழியாக உச்சி வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். இறங்குகிற வெயிலுக்கு வேலை வேண்டுமே என்று, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில், மூன்று கல்லுக்கு ஒரு கல்லைக் கொஞ்சம் வெளியே துருத்தி வைக்கச் சொன்னாள். துருத்திய கல் ஒவ்வொன்றும் தனக்குக் கீழே ஒரு நிழலைப் போடும். வெயில் நகர நகர நிழல் நீளும், சாயும், சுவர் பாய் பின்னியதுபோல் இருக்கும். தரையில் துணி விரித்துப் படுக்கப் போட்டால் அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே கிடக்கும் என்று நினைத்திருந்தாள். அது. இங்கே வந்ததும் எண்ணம் ஒவ்வொரு முறையும் துணி ஆணியில் மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் கிழியும் என்று தெரிவதால் இழுப்பதில்லை. அங்கேயே விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடுகிறாள். குழாயின் வாயில் விரல் விறைத்துவிட்டது. வலது கட்டைவிரலை எடுத்து இடது கட்டைவிரலை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செண்பகம் மதினி வந்திருந்தாள். கதிரேசனுக்கு மூத்தவள், கோரிப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள், வாய் கொஞ்சம் நீளமே தவிர மனம் கெட்டவள் இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் லோசனிக்குத் தலை வாரிவிட்டவள் அவள்தான். சிக்கெடுக்கும்போது வலிக்காமல் இருக்க முடியின் அடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு வாரினாள். அந்தக் கைதான் ஞாயிற்றுக்கிழமை பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தது. கூடத்தின் குறுக்கே அதை மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். கொத்தனார் இருளாண்டி தேநீர் குடித்துக்கொண்டே, “என்னக்கா, வீட்டுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறீகளா? கழுத்து எறக்கம் எவ்வளவு வைக்க?” என்று கேட்டார். மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய இரும்பு டேப்பை வாங்கி, எதிர்ப்பக்கத்துப் பூசிய சுவரில் ஒரு முனையைக் கதிரேசனைப் பிடிக்கச் சொல்லி, இந்தக் கல் சுவரில் தான் வைத்துப் பார்த்தாள். பதினோரடி அரை அங்குலம். வீட்டின் உள்கூடு, சுவருக்குச் சுவர், எத்தனை அடி இருந்தால் என்ன பலன் என்று ஒரு வரிசை உண்டு. அது மதினிக்கு மனப்பாடம், லோசனிக்கும் மனப்பாடம், ஆபீஸுக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் அதைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். எட்டு நல்லது, ஒன்பது ஆகாது, பத்தும் பதினொன்றும் நல்லது, பன்னிரண்டு ஆகாது. “பதினொண்ணைத் தாண்டிருச்சு தம்பி” என்றாள் மதினி. “பன்னெண்டுக்குள்ள கால் வச்சாச்சு. பன்னெண்டு பிள்ளைக்கு ஆகாது.” லோசனியிடம் அவள் சொல்லவில்லை. டேப்பிடம் சொன்னாள். பூச்சு இருந்திருந்தால் சரியாக வந்திருக்குமா என்று கேட்டாள். பூச்சு அரை இஞ்சு வருமே, பூசினால் சரியாகப் போய்விடும் என்றார் கொத்தனார். பிறகு மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். அவளை ஒருவரும் பார்க்கவில்லை. ஒருத்தியைப் பார்க்காமல் இருப்பதற்கு மூன்று பேர் அவ்வளவு பாடுபட்டு அவள் அதுவரை கண்டதில்லை. அவள் கையில் தேநீர் டம்ளர் இருந்தது. சூடு உள்ளங்கையில் ஏறுகிறது, சுடுகிறது என்று தெரிந்தது. சுடுவது மட்டும் எங்கோ தூரத்தில் இருந்தது. வீட்டுக்குப் போகும்போது மதினி அவள் கன்னத்தைத் தடவி, “எல்லாம் நல்லதுக்குத்தான் சொல்றேன், மனசுல வச்சுக்காத” என்றாள். மனசில் வைக்க இடம் வேண்டும் அல்லவா, அங்கே இப்போது இடமா இருக்கிறது, இல்லை முழுக்க இடம்தான் இருக்கிறதா என்று நினைத்தாள். எழுபதடி நீளத்துக்கு.

நனைந்த செங்கல் வாசனை எழும்பியது. இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். அது வந்தும் ஒன்றும் ஆகவில்லை, வாசனை வாசனையாகவே மூக்கில் ஏறியது. நான்காம் மாதத்தில் இந்த வாசனைக்காகவே ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறி இங்கே வருவாள். சோறு பிடிக்காது, காபி பிடிக்காது, நனைந்த செங்கல்லின் பக்கத்தில் நின்றால் நெஞ்சு குளிரும். ஒருநாள் யாரும் பார்க்காத நேரம் உடைந்த கல்லிலிருந்து நகம் அளவுக்கு ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கரைந்தது. புது மண்சட்டியில் முதன்முதலாகக் கொதிக்கிற தண்ணீரின் ருசி. இருளாண்டிக் கொத்தனார் பார்த்துவிட்டார். “பாப்பா, செங்கல்லு விலை தெரியுமா? நீ பாட்டுக்குத் தின்னா வீடு ஒரு வரிசை குறையும்” என்றார். அவருக்குத் தன்னைவிட இளைய பெண்கள் எல்லோரும் பாப்பாதான். அந்தத் துண்டாக இருக்குமோ. இல்லை, ஏழாம் மாதம் பெரியார் நிலையத்தில் பஸ் குலுங்கியதே, அதுவா. வளைகாப்பு அன்று மணையிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் எழுந்தாளே, அதுவா. மல்லாக்கப் படுத்தது, ஆபீஸில் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தது, மாடிப்படி, வெயில், பப்பாளி. பப்பாளி அவள் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்று நிச்சயமாகத் தெரியும், என்றாலும் வரிசையில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும், இரண்டாவது சுற்றிலும் வரும். இந்த வரிசையை எத்தனை முறை சுற்றினாளோ, முன்பெல்லாம் சுற்றும்போது வயிறு இறுகும், இப்போது இறுகுவதில்லை. தேய்ந்துபோன கோல உருளைபோல் உருட்டினால் உருள்கிறது, கோடு மட்டும் விழுவதில்லை. டாக்டரம்மா ஸ்கேன் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கதிரேசனை வெளியே அழைத்துச் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. காரணம் என்று எதையும் சொல்ல முடியவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சில சமயம் இப்படி ஆகும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கதிரேசன் அதற்கு, “சரிங்க” என்றான். பால் நிற்பதற்கு மாத்திரை தந்தார்கள். மாத்திரை போட்டும் மூன்றாம் நாள் ரவிக்கை நனைந்தது. மதினி ஈரத்துண்டை மடித்து வைத்துக் கட்டிவிட்டாள். உடம்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று லோசனி நினைத்துக்கொண்டாள். உடம்பு கடைசியில் இருக்கிற அறை, வாசலில் சொன்னது அங்கே கேட்க நேரமாகும். ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி. இருளாண்டிக்கும் தெரிந்தது. மறுபடி வேலை தொடங்கிய அன்று அவர் அவளைப் பார்த்து, வாயைத் திறந்து, மூடி, “வாங்க மேடம்” என்றார். அதிலிருந்து மேடம்தான்.

தண்ணீர் சுவரின் பாதிவரை வந்துவிட்டது. துருத்திய கற்களின் அடியில் சொட்டுகள் திரண்டு தொங்கின. ஒன்று விழுந்தால் இன்னொன்று. அவள் அந்தக் கற்களைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வைத்திருந்ததைப் பார்த்தாள். ஒரு மதிய நேரம், ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தச் சுவரை வரைந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம். முதலில் கல்லை ஓர் அங்குலம் துருத்தலாம் என்றுதான் போட்டிருந்தாள், நிழல் ஆழமாக விழும். அப்போது உள்ளே மீன் வாலைத் திருப்பியதுபோல் ஒரு புரளல். அதுதான் முதல் தடவை. ஸ்பூனை வைத்துவிட்டு, வயிற்றில் ஒரு கையும் டப்பாவில் ஒரு கையுமாக அவள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் கணக்குப் போட்டாள். இந்தப் பக்கம் பூச்சு இல்லை என்றால் உள்கூடு அரை அங்குலம் கூடிவிடும். ஓர் அங்குலம் துருத்தினால் துருத்திய கல்லின் முகத்திலிருந்து பார்க்கும்போது பதினொன்றுக்கு அரை அங்குலம் குறையும். அரை அங்குலம் துருத்தினால் சரியாகப் பதினோரடி. நிழல் மெலிந்துபோகும், போகட்டும். ஓர் அங்குலத்தை அழித்துவிட்டு அரை என்று போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கல்யாணமான புதிதிலிருந்து அந்த வரிசையைக் கேலி செய்தவள் அவள். பதினொன்றே கால் அடியென்றால் வீடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுமா என்று மதினியின் எதிரிலேயே கேட்டவள். நம்பிக்கை வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, பயம் வந்தது, பயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமும் வந்தது. ஆக, அளவு சரியாகத்தான் இருந்தது. மதினி டேப்பைத் துருத்தாத கல்லின்மேல் வைத்தாள். ஒரே ஒரு கல் தள்ளி வைத்திருந்தால் டேப் பதினொன்று காட்டியிருக்கும். அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே நின்றாள். ஒரு சொல் போதும், இங்கே வையுங்கள் மதினி என்று. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் அன்றிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறாள். வெட்கம் இல்லை, அது எப்போதோ போய்விட்டது. சொல்லியிருந்தால் பழி அவள்மேலிருந்து இறங்கியிருக்கும். இறங்கி எங்கே போகும்? எங்கேயும் போகாது, அதுதான். அளவும் சரி, மாத்திரையும் சரி, ரத்தமும் சரி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று ஆனால் அப்புறம் கையில் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கதிரேசன் தூங்குகிறான். ஆறு மாதமாக அவன் படுப்பான், தூங்கமாட்டான். அவள் விழித்திருப்பது அவனுக்குத் தெரியும், அவன் விழித்திருப்பது அவளுக்குத் தெரியும், இரண்டு பேரும் தூங்குவதுபோல் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு கிடப்பார்கள். அளந்துவிட்டு வந்த அன்று அவன் குறட்டை விட்டான். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, இந்தச் சுவர் குற்றவாளியாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, அவன் தூங்கட்டுமே என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான். ஆனால் அது தியாகம் என்றெல்லாம் தோன்றவில்லை. தியாகம் என்றால் எங்காவது வலிக்கும். இது நாற்காலியை நகர்த்திப் போடுவதுபோல இருந்தது. இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். வெள்ளைச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள், துணி மடிப்பாள். வருகிறவர்கள் வீடு எவ்வளவு விசாலமாக இருக்கிறது என்பார்கள். உள்ளே கல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த வீட்டில் ஒரு பொம்பளை தன் பிள்ளையை அரை அங்குலத்தில் கோட்டை விட்டாள் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள், பார்க்காமல் இருப்பதற்குப் பாடுபடுவார்கள். கடைசி வரிசையும் நனைந்துவிட்டது. அடிக்கல்லில் தண்ணீர் தங்கிக் குமிழி விட்டது. நனைக்க இனி ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் மறுபடி மேலேயிருந்து தொடங்கினாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கதிரேசன் மூட்டையைத் தோளில் வாங்கி உள்ளே கொண்டுவந்து சாய்த்தான். சட்டையின் ஒரு பக்கம் சாம்பல் நிறமாகிவிட்டது. பின்னாலேயே இருளாண்டி வந்தார், டீக்கடை பன்னின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டே. சுவரைத் தொட்டுப் பார்த்து, நன்றாகக் குடித்திருக்கிறது மேடம், இனிப் பசை போட்ட மாதிரி ஒட்டும் என்றார். மணலைக் குவித்தார், நடுவில் பள்ளம் பறித்துச் சிமென்ட்டைக் கொட்டினார், மண்வெட்டி சிமென்ட் தரையில் உரசுகிற சத்தம் கூடத்தின் நீளத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அவள் குழாயைத் தரையில் போட்டாள், நிறுத்தவில்லை. கலவை தயாரானதும் கொத்தனார், பூச்சு எவ்வளவு கனம் என்று அடையாளத்துக்கு அங்கங்கே பொட்டு வைக்க வேண்டும், டேப்பை ஆளுக்கு ஒரு முனை பிடியுங்கள் என்றார். கதிரேசன் டேப்பின் பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போனான். முனை அவள் கைக்கு வந்தது. “பள்ளத்துல வைங்க மேடம், துருத்துன கல்லுல வச்சுறாதீக” என்றார் இருளாண்டி. அவள் பள்ளத்தில் வைத்தாள். கதிரேசன் குனிந்து படித்தான், பதினொன்று, அரை. அதே அரை. கரண்டியைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று கொத்தனார் பின்பக்கம் போனார். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் டேப் கிடந்தது, இந்த முனையில் அவள், அந்த முனையில் அவன், இவ்வளவு அகலம்தான் வீடு.

“இது ஒண்ணைச் சரி பண்ணிட்டா நிம்மதி” என்றான் கதிரேசன். அவன் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் உன்னை ஒண்ணும் நினைக்கல லோசனி. நீ வேணும்னேவா விட்ட? பூச்சை மறந்துட்ட, அவ்வளவுதான. யாருக்கும் வர்றதுதான். நான் அதை மனசுல வச்சுக்கல.”

அவளுக்கு முதலில் அது விளங்கவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன, நின்ற பிறகுதான் தெரிந்தது, அவன் அவளை மன்னிக்கிறான் என்று. நல்ல மனதோடு, சிமென்ட் படிந்த சட்டையோடு, டேப்பைப் பிடித்துக்கொண்டு மன்னிக்கிறான். பழியை அவளால் தாங்க முடிந்திருந்தது. பழி வெளியே நிற்கிற பொருள், நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. இதை வாங்கிக்கொண்டால் இனி ஒவ்வொரு வேளையும் மன்னிக்கப்பட்டவளாக அவனுக்குச் சோறு போட வேண்டும். நெஞ்சுக்குக் கீழே, வெகுநாளாக ஒன்றும் நடக்காத இடத்தில், ஏதோ ஒன்று புரண்டது. புரண்டது என்றால் வலித்தது. அவள் அந்த வலியைச் சற்று ஆச்சரியத்துடன் கவனித்தாள்.

“மறக்கலைங்க” என்றாள்.

“என்ன?”

“நான் மறக்கல.” டேப்பின் முனையைப் பள்ளத்திலிருந்து எடுத்து, பக்கத்தில் துருத்தி நின்ற கல்லின் முகத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஈரக் கல் சில்லென்று இருந்தது. “இப்பப் படிங்க.”

அவன் குனிந்தான். படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவன் குனிந்தபடியே இருந்தான்.

“பதினொண்ணு” என்றான்.

“அஞ்சாம் மாசமே பாத்துப் பாத்துத்தான் போட்டேன். மதினி பள்ளத்துல வச்சு அளந்தாக. நான் சொல்லல.”

“சொல்லிருக்கலாம்ல.”

“சொன்னா உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாதேன்னு பாத்தேன்.”

அவன் நிமிர்ந்தான். வெகுநாளைக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸில் தூங்கிப்போய் வேறு ஊரில் விழித்துக்கொண்டவன்போல் இருந்தான். “அப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சா?” என்றான்.

“ஆமா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”

கரண்டியிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டே இருளாண்டி வந்தார். அவர்கள் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, பொட்டு வைத்துவிடவா என்று பொதுவாகக் கேட்டார். கதிரேசன் குனிந்து டேப்பை இன்னொரு முறை படித்தான். பிறகு, வேண்டாம், இந்தச் சுவர் இப்படியே இருக்கட்டும், கலவையைப் பின்பக்கம் எடுத்துப்போய்க் குளியலறைச் சுவருக்குப் பூசிவிடுங்கள் என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கொத்தனார் சுவரைப் பார்த்தார், கலவையைப் பார்த்தார். “நல்லாருக்குங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அக்கா வந்து கேட்டா, நான் அன்னைக்கு லீவு” என்று சொல்லிக்கொண்டே பாண்டுச் சட்டியில் கலவையை அள்ளினார். தூக்கிக்கொண்டு போகும்போது, “தண்ணி சும்மா போகுது பாரு பாப்பா, குழாயை மூடு” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நடை ஒரு கணம் தடுமாறியது, ஆனால் நிற்காமல் போய்விட்டார்.

தண்ணீர் கூடம் முழுக்கப் பரவி அவள் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. குளிர்ந்தது. எப்போதிலிருந்து குளிர்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூரையில் கண்ணாடிக்காக விட்டிருந்த நீளத் திறப்பு வழியாக வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஈரச் சுவரில் துருத்திய கற்களுக்குக் கீழே, நூல் கனத்துக்கு, நிழல் வரிகள் விழுந்தன. ஓர் அங்குலம் என்றால் இன்னும் ஆழமாக விழுந்திருக்கும். குழாயை மூட வேண்டுமென்றால் டேப்பை விட வேண்டும். அவள் விடவில்லை. டேப் நடுவில் லேசாகத் தொய்ந்து, வெயில் பட்டு, நடுங்கிக்கொண்டிருந்தது. எந்த முனையிலிருந்து நடுங்குகிறது என்று முதலில் தெரியவில்லை. அவன் தோளைப் பார்த்தாள், அங்கிருந்துதான். பிறகு கல்லின்மேல் அழுந்தியிருந்த தன் கட்டைவிரலைப் பார்த்தாள். இங்கிருந்தும்தான்.